புகைவீட்டு டிகிரிக் குச்சி

கொள்ளைநோய்க் காலத்தில் உங்கள் நெற்றிக்கும் காய்ச்சல் பார்க்கும் அந்தத் துப்பாக்கியை நீட்டியிருப்பார்கள். எனக்கு நீட்டியது பாடாங் செராயில் ஒரு கடை வாசலில் நின்ற மலாய்ப் பெண். என் பேத்தி வயதுகூட இருக்காது. துப்பாக்கியின் முதுகைப் பார்த்துவிட்டு, "ஓகே நெனெக், போலே மாசோக்" என்றாள். பாட்டி, நீங்கள் உள்ளே போகலாம் என்கிறாள்.

"எத்தனை?" என்று மலாயில் கேட்டேன்.

"ஓகே லா, நெனெக்."

"ஓகே இருக்கட்டும். எண் என்ன?"

பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவன் உச்சுக் கொட்டினான். என் தங்கை, அவளுக்கும் எண்பது தாண்டிவிட்டது, என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அந்தப் பெண் வேறு வழியில்லாமல் துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினாள். முப்பத்தாறு புள்ளி நாலு. நம் வயதுக்காரர்களுக்கு அது என்ன கணக்கு? நமக்கெல்லாம் தொண்ணூற்றெட்டுதான் நல்ல உடம்பு. வீட்டுக்கு வந்ததும் என் மகன், "ஏம்மா கடை வாசல்ல சண்டை போடுறீங்க?" என்று கேட்டான். சண்டை இல்லையடா என்று சொல்லிவிட்டுக் கோப்பி போடப் போய்விட்டேன்.

ஒருவர் உடம்புச் சூட்டைப் பார்த்து, பார்த்த எண்ணைச் சொல்லாமல் 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது. அதை எழுதவேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அடுப்பில் ஏதோ இருப்பதுபோலத் தோன்றும். எழுந்து போவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. காய்ந்த துணியை எடுத்து மடிப்பேன். இன்றைக்கு எல்லாத் துணியும் மடித்தாயிற்று.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் கூலிமுக்கு ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. அம்மா பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவள். அப்பாவுக்குப் புகைவீட்டு வேலை. உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: மரத்துப் பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, அந்த ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நாலைந்து நாள் புகை கொடுப்பார்கள். வெள்ளையாகப் போகும் ஷீட்டு தேன் நிறத்தில் வெளியே வரும். இதற்கென்று கட்டிய உயரமான தகரக் கட்டடம்தான் புகைவீடு.

உள்ளே, கதவுக்குப் பக்கத்தில் கை எட்டும் உயரத்தில், ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாய் தொங்கும். அடியில் பாதரசக் குமிழ். உடம்பெல்லாம் கோடும் எண்ணும். தெர்மாமீட்டர் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி சொல்வார். நாங்கள் டிகிரிக் குச்சி என்போம். அப்பாவின் வேலையெல்லாம் அதில்தான் இருந்தது. நூற்றுப்பத்துக்குக் கீழே இறங்கினால் ஷீட்டில் ஈரம் போகாது, பூஞ்சை பிடிக்கும். நூற்று நாற்பதைத் தாண்டினால் கொப்புளம் போடும், பிசுபிசுக்கும், துரை முகத்தில் வீசுவார். வருடக்கணக்காகப் புகையில் நின்று அப்பாவின் கண்கள் எப்போதும் சிவந்து நீர் வடியும். சின்ன எண்கள் அவருக்குத் தெரியாது. அதனால் நூற்றுப்பத்திலும் நூற்று நாற்பதிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பாதரசம் இரண்டு நூலுக்கும் நடுவில் நின்றால் அப்பா பீடி பற்றவைப்பார்.

ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை. புதிதாக வந்த ஜப்பான் மேலாளர் மரத்தை வெட்டி மரவள்ளி நடச் சொன்னான். புகைவீட்டில் மரவள்ளிச் சீவல் காய்ந்தது. தீப்பெட்டி கிடைக்காத காலமாகையால் லயத்துப் பெண்கள், எங்கள் கூலிவீட்டு வரிசைக்காரர்கள், காலையில் அங்கே வந்துதான் கங்கு வாங்கிப் போவார்கள். ரப்பர் காட்டுக்குள்ளேயே குடியிருந்தும் ஒருவன் சைக்கிளுக்கும் டயர் கிடையாது. டயருக்குப் பதில் தேங்காய்க் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கடகடவென்று போவார்கள். சிரிப்பு வரும். அப்போதும் வந்தது.

நானும் தங்கையும் பகலெல்லாம் அப்பாவோடு புகைவீட்டில் கிடப்போம். பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். அடுப்புக்குழியின் வாயில் ஒரு தகரம் சாத்தியிருக்கும். அது எப்போதும் கொதிக்கும். அதை வைத்து நாங்களாக ஒரு விளையாட்டு உண்டாக்கினோம். பெயர் 'திரும்புமா திரும்பாதா'. எதையாவது தகரத்தில் போட வேண்டும். சூடு பட்டு அது மாறும். ஆறிய பிறகு பழையபடி ஆகுமா ஆகாதா என்று முன்கூட்டியே கத்த வேண்டும். தோற்றவள் ஜெயித்தவளை உப்புமூட்டை தூக்கவேண்டும்.

மெழுகுத் துளி உருகி ஓடும். ஆறினால் மறுபடி மெழுகு. திரும்பும். உப்புத் தண்ணீர் சுர்ரென்று காய்ந்து வெள்ளைப் பொடி நிற்கும். நீரில் கரைத்தால் மறுபடி உப்புத் தண்ணீர். திரும்பும். அந்த விளையாட்டில் ஒரு சிட்டிகை உப்பை வீணாக்கியதற்கு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. பச்சை இலை கருகும். திரும்பாது. முட்டை ஓட்டில் ஒட்டிய வெள்ளைக்கரு சுண்ணாம்புபோல ஆகிவிடும். எத்தனை ஊதி ஆற்றினாலும் திரும்பாது. மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் துண்டு நாற்றத்தோடு உருகித் தார் ஆகும். அதுவும் திரும்பாது. நான் இரண்டு நாளில் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டேன். தங்கை மட்டும் எதைப் போட்டாலும் "திரும்பும்!" என்றுதான் கத்துவாள். இலையைப் போட்டாலும் அதேதான். "எப்படிடி திரும்பும்?" என்று கேட்டால், "நாளைக்குத் திரும்பும்" என்பாள். அவள்மேல் ஏறி உட்கார எனக்கு வசதியாக இருந்தது என்றாலும், எடை தாங்காமல் இரண்டடியில் விழுந்துவிடுவாள்.

ஒரு தடவை பழுத்த ஷீட்டுத் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தேன், பால் வருகிறதா என்று பார்க்க. அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "புகை ஏறுனது ஏறுனதுதான்டி," என்று வாளியைக் கவிழ்த்தார்.

இலை உதிர்கிற வறட்சிக் காலம் அது. தோட்டமே மொட்டையாக நின்றது. ஒரு நண்பகலில், அந்த வெயிலில், தங்கை "குளிருதுக்கா" என்று சொன்னாள். பற்கள் தந்தி அடித்தன. அம்மா மூன்று கோணிச்சாக்கைப் போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று உடம்பு காயத் தொடங்கியது. எங்கள் தோட்டத்து டிரெசர், அதாவது மருந்து கொடுக்கிறவர், துரையோடு போய்விட்டார். மருந்து அலமாரியில் அயோடின் பாட்டிலும் எலிப் புழுக்கையும் இருந்தன. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையைக் கண்ணால் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

அப்பாதான் டிகிரிக் குச்சியைக் கழற்றிக் கொண்டுவந்தார். நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த வீட்டுச் சின்னம்மாகூட வாசலில் நின்று, "அண்ணனுக்கு மூளை பாரேன்" என்று சொன்னார். தங்கையின் அக்குளில் குமிழை வைத்துக் கையை அழுத்திப் பிடித்துக்கொள்வார் அப்பா. டிரெசர் குச்சிபோல வெளியே எடுத்துச் சாவகாசமாகப் பார்க்க முடியாது. எடுத்தால் பாதரசம் இறங்கிவிடும். அது அக்குளில் இருக்கும்போதே குனிந்து படிக்கவேண்டும். அப்பாவுக்குக் கண் தெரியாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டில் எண் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"நூத்திமூணுப்பா."

அப்பா மூச்சு விட்டார். அவர் முகம் தளர்ந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. "அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். நூத்திப்பத்தே ஆகல. இந்தச் சூட்டுல ஷீட்டுல ஈரங்கூடப் போகாது."

நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். அந்த மனிதருக்குச் சூடு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தது ரப்பர் ஒன்றுதான். அவர் அறிந்த எண்களில் ஆபத்து நூற்று நாற்பதில் இருந்தது. எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். டிரெசர் இருந்த காலத்தில் அவருடைய குச்சியைப் பார்த்திருக்கிறேன். அதில் எண்கள் நூற்றுப்பத்தோடு முடிந்துவிடும். குட்டைக் குச்சி, அதனால் எண் குறைவு என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் மனிதர்களுக்கு எண் தேவைப்படாது என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. புறங்கையைத் தங்கையின் கழுத்தில் வைத்து வைத்து எடுத்தாள். "கொதிக்குதுங்க. தொட்டுப் பாருங்க."

"கை பொய் சொல்லும். குச்சி சொல்லாது."

"அப்ப ஈரத் துணியாவது போட்டு எடுக்கறேன்."

"சூடா இருக்கறதுல பச்சத் தண்ணிய விடுவாங்களா? அன்னைக்கு விளக்குக் கண்ணாடியில ஒரு சொட்டுத் தண்ணி பட்டதுக்கே என்ன ஆச்சு? ரெண்டா வெடிச்சுது. இது புள்ள."

அம்மா எடுத்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டாள். விளக்குக் கண்ணாடி வெடித்தது உண்மை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மறுநாள் காலையும் நூற்று மூன்றுதான். தங்கை கிழங்குக் கஞ்சியைக் குடிக்கவில்லை. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்துகிறது என்று அழுதாள். அம்மா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். "டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. ஒங்க கால்ல விழறேன்."

அப்பா வாசலையும் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்தார். எதை யோசித்தார் என்று எனக்குத் தெரியும். டவுன் சாலையில் பாலத்தடியில் ஜப்பான் காவல் இருந்தது. அடுத்த வீட்டுச் சித்தப்பா, சின்னம்மாவின் புருஷன், ஒரு மாதத்துக்கு முன் உப்பு வாங்கி வருகிறேன் என்று அந்தப் பாலத்தைத் தாண்டிப் போனவர். லாரியில் ஏற்றிச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பிறகு ஆள் வந்து சொன்னான். சின்னம்மா தினமும் சாயங்காலம் லயத்தின் கோடியில் போய் நிற்பார். இருட்டியதும் வந்து அடுப்பு மூட்டுவார்.

கடைசியில் அப்பா சொன்னார்: "சரி. சாயங்காலம் மறுபடி பாப்போம். ஒரே ஒரு கோடு ஏறியிருந்தாலும் சரி, தூக்கிட்டுக் கெளம்பிடறேன். எவன் புடிச்சாலும் புடிக்கட்டும்."

அந்தப் பகல் நகரவே இல்லை. நான் புகைவீட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். தகரத்தில் எதையும் போடவில்லை. உதிர்ந்த இலைகள் காலடியில் அப்பளம்போல நொறுங்கின. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகையில் லயத்துக் கோடியில் சின்னம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் சேலை ஒரு பக்கம் கிழிந்து முடிச்சுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்து, "பாலத்துப் பக்கமிருந்து யாராச்சும் வந்தாங்களா பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மறுபடி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே அப்பா குச்சியோடு தயாராக இருந்தார். சட்டையைப் போட்டிருந்தார். அவரிடம் இருந்ததே ஒரு சட்டை. அதைப் போட்டிருந்தார் என்றால் போவதற்கு மனதைத் திடப்படுத்திவிட்டார் என்று அர்த்தம். தங்கை பாதிக் கண் மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் மண்டியிட்டுக் குனிந்தேன். அவள் அக்குளிலிருந்து வந்த அனல் என் கன்னத்தில் அடித்தது, அடுப்புக்குழித் தகரத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் அடிக்குமே, அதுபோல.

பாதரசம் நூற்றாறில் நின்றது.

"என்னடி, எவ்வளவு?"

அப்பாவின் சட்டையைப் பார்த்தேன். மேல் பொத்தான் இல்லாத இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

"அப்படியேதான் இருக்குப்பா. நூத்திமூணு."

"நல்லாப் பாத்தியா?" இது அம்மா.

"பாத்தேம்மா."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுத்துவரப் போகிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். குச்சி பொய் சொல்லாது என்று அப்பா சொன்னது சரிதான். அது சொல்லவில்லை.

விடிந்தபோது தங்கையின் கண் மேலே சொருகியிருந்தது. கையும் காலும் இரண்டு தடவை வெட்டி இழுத்தன. அம்மா எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அப்பாவின் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி, ரவிக்கையைத் தளர்த்தித் தன் அக்குளில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"படிடி."

"புள்ளைக்குப் பாக்காம ஒனக்கு வச்சிக்கிட்டு நிக்கற?" என்று அப்பா கேட்டார். அவருக்குப் பயத்தில் வார்த்தை குழறியது.

"சும்மா இருங்க. படிடி!"

"தொண்ணூத்தெட்டும்மா."

அம்மா குச்சியை எடுத்து என் அக்குளில் வைத்தாள். தொண்ணூற்றெட்டு. அப்பாவின் கையைத் தூக்கி அங்கே வைத்தாள். தொண்ணூற்றெட்டு. சத்தம் கேட்டு வந்த சின்னம்மாவையும் விடவில்லை. அவருக்கும் அதேதான், ஒரு கோடு முன்னே பின்னே. கடைசியாகத் தங்கைக்கு வைத்தாள். இந்த முறை நான் பார்த்ததைச் சொன்னேன்.

"நூத்தியாறு."

"நல்லா இருக்கற நாலு பேருக்கும் ஒரே நம்பரு. எட்டு ஏறிக் கெடக்கு எம்புள்ளைக்கு," என்றாள் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "இவ என்ன ஷீட்டா, தொங்கப்போட்டுக் காயவைக்க?"

இரண்டு நாளாகக் குச்சியை வைத்திருந்தோம். நோயில்லாத ஒருவர் உடம்பில் வைத்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குத்தான் தோன்றியது. இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் பெரிய பாடமாகச் சொல்லித்தருகிறார்கள், எதையும் எதனோடாவது ஒப்பிட்டுப் பார் என்று.

அப்பா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கணம்தான். உடனே எழுந்து தங்கையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார். பால் உறையவைக்கும் சிமிந்துத் தொட்டியில் மரவள்ளி கழுவ நிரப்பிய தண்ணீர் கிடந்தது. உடுப்போடு அவளை அதில் இறக்கினார். அவள் வெடிக்கவில்லை. ஓவென்று அழுதாள். இரண்டு நாளில் அவள் போட்ட முதல் பெரிய சத்தம் அது. அம்மாவும் கூடவே தொட்டிக்குள் இறங்கி அவள் தலையில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள்.

"நேத்து சாயங்காலம் மூணுன்னியே?" என்று அப்பா என்னிடம் கேட்டார். சட்டைகூடப் போடாமல் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி ஏறியிருக்கும்ப்பா."

"ஆமா. ராத்திரிதான் ஏறியிருக்கும்." அவர் நம்பினார்.

ஈரச் சாக்கில் சுற்றி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா நடக்க, அம்மா பின்னால் ஓடினாள். என்னைச் சின்னம்மாவிடம் விட்டுப் போனார்கள். மூன்று நாள் நானும் அவரோடு லயத்துக் கோடியில் நின்றேன். நிற்க முடியாது. பாலம் வரை போய்ப் பார்க்கலாமா என்று நாலடி நடப்பேன், பயந்து திரும்புவேன். புகைவீட்டுத் தீ அணைந்துபோனது. கங்கு வாங்க வந்த பெண்கள் திட்டினார்கள்.

மூன்றாம் நாள் அப்பா மட்டும் வந்தார். இடது கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"அறைஞ்சான். குனியச் சொன்னான், குனிஞ்சேன். சாக்கத் தூக்கிப் புள்ளையப் பாத்தான். போன்னுட்டான்," என்றார் சின்னம்மாவிடம். அவ்வளவுதான் பாலத்தில் நடந்தது. நான் எந்தப் பாலத்துக்குப் பயந்து அந்த எண்ணை மாற்றினேனோ, அந்தப் பாலம் ஒரு அறையோடு வழி விட்டுவிட்டது. சித்தப்பாவுக்கு விடவில்லை. யாருக்கு விடும், யாருக்கு விடாது என்று யாரால் சொல்ல முடிந்தது அப்போது?

"பொழச்சுக்குவாளாண்ணே?"

"பொழச்சுட்டா. அங்க இருந்த டிரெசர் ஒண்ணு கேட்டாரு." அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்தே கொண்டாந்திருக்கக் கூடாதாய்யான்னாரு."

இரண்டு வாரம் கழித்து அம்மா அவளைக் கூட்டிவந்தாள். மொட்டை அடித்திருந்தார்கள். காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் அவளைக் குஷிப்படுத்தப் புகைவீட்டுக்கு இழுத்துப் போனேன். பின்னால் நின்று 'பாப்பா' என்று கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. தகரத்தில் ஓங்கித் தட்டினேன். அப்போதும் அசையவில்லை. ஒரு மெழுகுத் துளியைத் தகரத்தில் விட்டேன். அது உருகி ஓடியதும் கைதட்டிக்கொண்டு, தன் குரல் தனக்கே கேட்காததால் மிகப் பெரிய குரலில், "திரும்பும்!" என்று கத்தினாள். அப்பா வெளியே விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவருக்குப் புரிந்தது. அம்மா ஏற்கெனவே அறிந்திருந்தாள். சொல்ல மனம் வரவில்லையாம்.

அப்பா குச்சியை உடைக்கவில்லை. உடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சிவப்பு நூல்களை அறுத்துவிட்டுத் தொண்ணூற்றெட்டில் ஒரு நூல் கட்டினார். பிறகு எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தன் அக்குளில் வைத்து, பாதரசம் அந்த நூலுக்கு வருகிறதா என்று உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கு வைப்பார். என் கல்யாணத்துக்குப் பிறகும் அது அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. அவர் போன பிறகு யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள், புகைவீடு இருந்த இடத்தில் இப்போது வண்டி கழுவுகிறார்கள்.

லயமே அப்பாவைக் குற்றம் சொன்னது. "பெத்த புள்ளைய ஷீட்டு மாதிரி வாட்டுனவன்" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். சில சமயம் முகத்துக்கு நேராகவும். சாகக் கிடந்தபோதும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் புத்திகெட்டதனத்துல புள்ள காது போச்சு. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு முன்னால போயிருந்தா," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வெந்நீர் டம்ளரோடு நின்றேன். அந்த ஒரு நாள் அவருடையதல்ல, என்னுடையது. வாயைத் திறந்தால் போதும். டம்ளர் ஆறிப்போகும்வரை நின்றேன். அவர் அதே நினைப்போடு போய்ச் சேர்ந்தார்.

அலோர் ஸ்டாரில் ஒரு டாக்டரிடம் பல வருடங்களுக்குப் பிறகு யாரோ மூன்றாம் மனிதர் கதைபோலக் கேட்டேன். காதைக் கெடுத்தது சூடு இல்லை அம்மா, மூளைக்குப் போன நோய், அந்தக் காலத்தில் ஒரு நாள் முன்னால் போயிருந்தாலும் என்ன மருந்து இருந்திருக்கப் போகிறது, சொல்ல முடியாது என்றார். 'சொல்ல முடியாது' என்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் தூங்குவது? தங்கையின் பேரன் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். ஒரு டிகிரி மாறிவிட்டால் அடுப்பிலிருக்கிற மொத்தச் சரக்கையும் அள்ளிக் கொட்டிவிடுவோம் பாட்டி, கணினியில் எண்ணை யாராலும் மாற்ற முடியாது என்று பெருமையாகச் சொன்னான். நல்லது என்றேன்.

தங்கைக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், கரியால், சிமிந்துத் தரையில். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள், மீதியை எழுதிக் காட்டவேண்டும். கல்யாணம், பிள்ளை, பேரன் எல்லாம் ஆயிற்று அவளுக்கு. இப்போது இருவரும் விதவைகள், ஒரே வீடு. பத்திரிகையை விளம்பரம் விடாமல் படிப்பாள். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்தான். எழுத்துப்பிழைக்கு மண்டையில் குட்டுவாள்.

ஒரு தடவை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆதியிலிருந்து அந்தம் வரை. அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அது சொன்னதாகுமா? ஆகாது.

அன்றைக்கு அந்தக் கடை வாசலிலும் அவள் என் சேலையை இழுத்தது எதற்குத் தெரியுமா? துப்பாக்கியை அவள் நெற்றிக்கும் நீட்டியிருந்தார்கள். அந்தப் பெண் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. புருவத்தைத் தூக்கி என்னைத்தான் கேட்டாள், எனக்கு எத்தனை என்று. அவள் எண்ணையும் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கி, விரலை மடக்கி மடக்கிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் அவளுக்கு. எண்பது வருடமாக அப்படித்தான்.

என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன் என்று தொடங்கினேன். அது பொய். நீங்கள் யாரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் அடுத்த அறையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, இந்த முறை தண்ணீர் எடுக்கப் போகாமல், அங்கேயே நிற்கப் போகிறேன்.

பாப்பா, அன்றைக்குச் சாயங்காலம் அது நூற்றாறு.